எனக்காக எழுதும் நிரல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நேரம் போக, எனக்கு நானே சின்னச் சின்ன நிரல்கள் (கம்ப்யூட்டர் புரோகிராம்கள்) எழுதி ஓட்டிக்கொண்டிருப்பவன் நான். தெரிந்தவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் பதிலோடு எழுதி வைக்கிறேன். சில கேள்விகள் அக்கறையில் வந்தவை, சில கிண்டலில் வந்தவை.

யாரும் கேட்கவில்லை, காசும் வராது. பிறகு எதற்கு எழுதுகிறீர்கள்?

ஏதோ ஒரு வேலையைக் கையால் செய்து செய்து அலுத்துப்போகிறது. ஒரு நாள் உட்கார்ந்து அதற்கு ஒரு நிரல் எழுதிவிடுகிறேன். பெரும்பாலும் கதை இவ்வளவுதான்.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. அலுவலகத்தில் எழுதும் நிரலை முன்பின் தெரியாத எத்தனையோ பேர் பயன்படுத்துவார்கள். பெயர் கேட்கும் இடத்தில் போன் நம்பரைப் போடுவார் ஒருவர், ஒரே பட்டனை நான்கு முறை அழுத்துவார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். என் நிரலுக்கோ பயனர் ஒரே ஆள், அதுவும் நான். லாகின் வேண்டாம், செட்டிங்ஸ் பக்கம் வேண்டாம், உதவிக் குறிப்பும் வேண்டாம். கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை நிரலுக்குள்ளேயே நேராக எழுதிவிடலாம். அலுவலகத்தில் அப்படி எழுதினால் சக ஊழியர்கள் சரிபார்க்கும் ரிவ்யூவில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். இந்தச் சுமையெல்லாம் கழன்றுபோனால் மிஞ்சுவது அந்தப் பிரச்சினை மட்டும்தான். அதோடு மல்லுக்கட்டுவது எனக்குப் பிடிக்கும்.

அப்படி என்னதான் எழுதியிருக்கிறீர்கள்?

பட்டியலைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். புகைப்படங்களைத் தேதிவாரியாக அடுக்கும் நிரல். ஒரு வலைப்பக்கத்தில் ஏதாவது மாறினால் எனக்குத் தகவல் அனுப்பும் ஸ்கிரிப்ட். சப்டைட்டில் படத்துக்கு முந்தி ஓடினால் அதைச் சில விநாடி பின்னுக்குத் தள்ளும் ஸ்கிரிப்ட். தமிழ்ச் சொற்பட்டியலை அகரவரிசையில் அடுக்கித் தேடித் தருவது ஒன்று. மாதச் செலவுக் கணக்கு. பேக்கப். இவற்றில் செலவுக் கணக்குக்கு மட்டும்தான் திரை என்று ஒன்று உண்டு. மற்றதெல்லாம் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) எழுத்தாக ஓடுபவை. யாரிடமாவது காட்டினால் ‘அவ்வளவுதானா?’ என்பார்கள். அவ்வளவுதான்.

புகைப்படங்களைத் தேதிவாரியாக அடுக்க ஒரு நிரலா? அதில் என்ன இருக்கிறது?

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. படம் எடுத்த தேதியைப் பார், 2019 ஃபோல்டருக்குள் 04 ஃபோல்டரில் போடு, முடிந்தது. ஆனால் அந்தத் தேதியை எங்கே போய்ப் பார்ப்பது?

கேமராவும் போனும் படக் கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற பகுதியில் தேதியை எழுதிவைக்கும். அதன் வடிவம் விசித்திரமானது: 2019:04:14 17:32:05. மணிக்கு வைக்கும் முக்காற்புள்ளியைத் தேதிக்கும் வைத்திருக்கிறார்கள். தேதி வாசிக்கும் வழக்கமான ஃபங்ஷனிடம் (ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் பகுதி) இதை அப்படியே கொடுத்தால் முழிக்கும், வடிவத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எந்த நேர மண்டலம் என்பதும் இதில் கிடையாது. அதற்கென்று தனி இடம் வந்ததே 2016-இல், எக்ஸிஃப் 2.31 பதிப்பில்தான். ஒரே பயணத்தில் ஒருவர் போனிலும் இன்னொருவர் கேமராவிலும் எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்த்தால், விமானத்திலிருந்து இறங்கிய பிறகு எடுத்த படம் ஏறுவதற்கு முன் எடுத்ததற்கு முன்னால் வந்து நிற்பது இதனால்தான். போன் புது ஊரின் நேரத்துக்குத் தானாக மாறியிருக்கும். கேமரா பழைய ஊரிலேயே இருக்கும்.

வாட்ஸாப்பில் படமாக அனுப்பியவற்றில் எக்ஸிஃப் தேதியை எதிர்பார்க்க முடியாது. படத்தைச் சுருக்கும்போதே இந்த விவரங்களையும் உருவிவிட்டுத்தான் அது அனுப்பும். எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூட அதில் இருக்கக்கூடும் என்பதால் அனுப்புகிறவருக்கு அது நல்லதுதான். அடுக்குகிறவனுக்குத்தான் சங்கடம். ஆண்ட்ராய்டில் அந்தக் கோப்பின் பெயர் ஐஎம்ஜி-20190414-டபிள்யூஏ0003 என்பதுபோல இருக்கும். நடுவில் உள்ள எட்டு இலக்கங்கள் தேதிதான், ஆனால் படம் வந்து சேர்ந்த தேதி. பத்து வருடத்துக்கு முந்தைய படத்தை இன்று ஒருவர் அனுப்பினால் இன்றைய தேதிதான் விழும்.

மூன்றாவதாக, கோப்பு கடைசியாக மாறிய தேதி என்று ஒன்றை எல்லாக் கம்ப்யூட்டரும் காட்டும். அதை நான் பொருட்படுத்துவதே இல்லை. பழைய டிஸ்கிலிருந்து காப்பி செய்த நாளாகக்கூட அது இருக்கும்.

ஆகவே முதலில் எக்ஸிஃப், அது இல்லையென்றால் கோப்பின் பெயர், இரண்டும் இல்லையென்றால் ‘தேதி தெரியாதவை’ என்ற ஃபோல்டர். நிரல் ஊகிக்கக் கூடாது என்பது என் கட்சி. தவறான தேதியில் போய் உட்கார்ந்த படத்தை யாரும் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ‘தேதி தெரியாதவை’யில் கிடந்தால் ஓய்ந்த நேரத்தில் ஒரு கை பார்க்கலாம்.

ஒரே படம் இரண்டு முறை இருந்தால்? பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருந்தால் ஷா-256 ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) காட்டிக்கொடுத்துவிடும். சுருக்கி அனுப்பிய படத்திடம் அது பலிக்காது, ஒரு பைட் மாறினாலும் ஹேஷ் முற்றிலும் வேறாகிவிடும். அதற்கு வேறொரு உத்தி இருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 9 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம் என்று நசுக்கிவிடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் பக்கத்துப் புள்ளியைவிட இது வெளிச்சமா, இருட்டா என்று குறித்துக்கொண்டே போனால் வரிசைக்கு 8, மொத்தம் 64 ஆம்-இல்லைகள் கிடைக்கும். இரண்டு படங்களின் 64 விடைகளில் ஒன்றிரண்டுதான் வேறுபடுகிறது என்றால் பெரும்பாலும் அவை ஒரே படம். கேட்டால் நம்பத் தோன்றாது, ஓட்டிப் பார்த்தால் வேலை செய்கிறது. ஆனாலும் இதை வைத்து எதையும் அழிக்க நான் விடுவதில்லை. அடுத்தடுத்து அதே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்களையும் இது ‘ஒன்று’ என்றுதான் சொல்லும். ஒன்றில் குழந்தை கண்ணை மூடியிருக்கும், இன்னொன்றில் திறந்திருக்கும்.

எந்த மொழியில் எழுதுவது நல்லது?

ஏற்கெனவே தெரிந்த மொழியில். புது மொழி கற்பதும் புது நிரல் எழுதுவதும் தனித்தனிப் பொழுதுபோக்குகள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டும் பாதியில் நிற்கும்.

எதுவுமே தெரியாது என்றால் பைத்தான். கைடோ வான் ரோசம் 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் கைக்கு வேலை வேண்டும் என்று தொடங்கிய மொழி அது. 1991 பிப்ரவரியில் முதன்முதலாக வெளியிட்டார். பொழுதுபோக்கில் பிறந்தது பொழுதுபோக்குக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. ஆனால் நான் அதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. கோப்பு, தேதி, ஜிப், டேட்டாபேஸ், வலைப்பக்கம் என்று அன்றாடம் வேண்டியதில் பாதிக்கு மேல் மொழியோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் லைப்ரரி (மற்றவர்கள் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு நிரலின் ஆயுள் நீளும்.

வெளி லைப்ரரி சேர்ப்பதில் என்ன நஷ்டம்? மற்றவர்கள் எழுதியதைத் திரும்ப எழுதுவானேன்?

கோவணத்தை எலியிடமிருந்து காப்பாற்றப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கிய சந்நியாசி கதைதான். ஒரு லைப்ரரி தனக்கு வேண்டிய நான்கை இழுத்துவரும், அந்த நான்கும் ஆளுக்கு இரண்டை இழுத்துவரும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற துணுக்கை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் துணுக்குகளைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். ஒரு எழுத்துச் சரத்தின் இடப்பக்கத்தை வெற்றிடத்தால் நிரப்பும் 11 வரி. அதை நேரடியாகக் கேள்விப்பட்டேயிராதவர்களின் நிரல்கள்கூட அன்று பில்ட் ஆகாமல் (ஓடும் வடிவத்துக்கு வராமல்) நின்றன.

அதற்காக எல்லாவற்றையும் நானே எழுதுகிறேன் என்று இறங்குவதும் அசட்டுத்தனம். தகவலை ரகசியமாக்கும் குறியாக்கம், படக் கோப்பைப் பிரித்துப் படிப்பது, நேர மண்டலம் இந்த மூன்றிலும் கை வைக்கவே மாட்டேன். பத்து வரியில் எழுதிவிடக்கூடியது என்றால் எழுதிவிடுவேன்.

தகவலை எங்கே சேமிக்கிறீர்கள்? தனி சர்வரா?

சர்வர் வைத்தால் அதற்கு ஆள் வேலை பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியதில் பெரும்பாதி சாதாரண எழுத்துக் கோப்பிலேயே அடங்கிவிடும். அது போதாதபோது எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ்.

ரிச்சர்ட் ஹிப் அதை 2000-இல் எழுதினார். அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தபோது, டேட்டாபேஸ் சர்வர் நின்றுபோனால் தன் நிரலும் சேர்ந்து நிற்கிறதே, சர்வரே இல்லாத டேட்டாபேஸ் இருந்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்தது. இன்று உங்கள் போனில் எத்தனையோ ஆப்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பு. மெயிலில் அனுப்பலாம், பென் டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். 2050 வரை ஆதரவு தருவதாக அதை எழுதுகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் செலவுக் கணக்குக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை. நிரல் அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது அதை அப்படியே காப்பி செய்தால், பாதி எழுதிய நிலையில் உள்ள காப்பி கிடைக்கக்கூடும். எஸ்க்யூலைட்டுக்கென்றே பேக்கப் கட்டளை இருக்கிறது, 2019-இல் வந்த 3.27 பதிப்பிலிருந்து ‘வாக்யூம் இன்டு’வும் உண்டு. இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

பணத் தொகையைத் தசமமாகச் சேமிக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பைத்தானிடம் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று பதில் வரும். 0.1 என்பதை இரண்டடிமானத்தில் துல்லியமாக எழுத முடியாததன் விளைவு அது. மிகச் சிறிய நாணய அலகில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் புள்ளி வையுங்கள்.

தமிழ் எழுத்துகளோடு வேலை செய்வதில் சிக்கல் உண்டா?

உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு ருசியான பகுதியும் அதுதான்.

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பள்ளிப் பிள்ளை மூன்று என்று சொல்லும், பைத்தான் ஐந்து என்று சொல்லும். யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரம்) த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகளாகத்தான் அது இருக்கிறது. யுடிஎஃப்-8 என்ற முறையில் கோப்பாகச் சேமித்தால் குறிக்கு 3 வீதம் 15 பைட். அந்தச் சொல்லைத் தலைகீழாக்கச் சொன்னால் முதலில் அநாதையாக ஒரு புள்ளி வரும், அடுத்து ‘ழி’, பிறகு ம, த. இகரக் குறி ம-வை விட்டுவிட்டு ழ-வோடு ஒட்டிக்கொள்ளும். சொல் விளையாட்டு எழுதப் போகிறவர்கள் முதல் நாளே இடறி விழும் இடம் இது.

ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் வடிவம் சொல்லித் தேடும் முறை) ‘சொல்லுக்குரிய எழுத்து’ என்பதற்கு ஒரு குறி உண்டு. பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிக்காது. ‘தமிழ்’ என்று கொடுத்துச் சொற்களைப் பிரிக்கச் சொன்னால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு சொற்களைத் தூக்கிக் கொடுக்கும். ‘ரெஜெக்ஸ்’ என்ற தனி லைப்ரரியில் முழு எழுத்தாக எடுக்க வழி இருக்கிறது. மேலே திட்டிய வெளி லைப்ரரிகளில் ஒன்றுதான், இதற்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்துவிட்டேன்.

அடுத்தது அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் ய, ர, ற, ல, ள, ழ, வ என்ற வரிசை. நமக்கு ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. எண் வரிசையில் அப்படியே அடுக்கினால் ‘வண்டி’க்கு முன்னால் ‘றெக்கை’ வந்து நிற்கும். புள்ளி வைத்த ‘க்’ நம் அகராதியில் ‘க’வுக்கு முன்னால் வர வேண்டியது, ‘கௌ’வுக்கும் பின்னால் போய்விடும். பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு லைப்ரரியில் தமிழுக்கான வரிசை விதி இருக்கிறது. அதைச் சேர்க்க மனமில்லை என்றால், ஒவ்வொரு எழுத்துக்கும் நம் வரிசைப்படி ஓர் எண் கொடுத்து அதை வைத்து அடுக்கலாம். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன், ஒரு பக்க நிரல்.

கண்ணுக்கு ஒன்றாகவும் கம்ப்யூட்டருக்கு வேறாகவும் இருப்பவை இன்னும் வேடிக்கை. ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் போடலாம். யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எந்தத் தமிழ் உரையை வாங்கினாலும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

ஆனால் ‘கௌரவம்’ இதில் சரியாகாது. பலர் ஒற்றைக் கொம்பு போட்டு, க எழுதி, பக்கத்தில் ‘ள’ தட்டிவிடுவார்கள்: ‘கெளரவம்’. திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. யூனிகோடைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை, வேறு சொல். சரி, கொம்புக்குப் பின்னால் ‘ள’ வந்தால் ஔகாரமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றினால் ‘தெளிவு’ம் ‘வெள்ளம்’மும் சிதைந்து போகும். அதனால் என் சொற்பட்டியல் நிரல் எதையும் மாற்றுவதில்லை. தேடும்போது மட்டும் இரண்டு வடிவங்களையும் ஒன்றாகப் பாவிக்கிறது. பட்டியலில் இருப்பது இருந்தபடியே இருக்கும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வருகிறது?

நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அரை மணி கிடைத்து, ‘போன வாரம் எங்கே விட்டேன்’ என்று கண்டுபிடிக்கவே அதில் இருபது நிமிடம் போனால் வெறுத்துவிடும். அதனால் எழுந்திருப்பதற்கு முன், அடுத்துச் செய்ய வேண்டியதை, நிரலோடு வைக்கும் குறிப்பான ரீட்மி கோப்பின் முதல் வரியில் எழுதிவிடுவேன். ‘தேதி சரிசெய்ய வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை. ‘பெயரிலிருந்து தேதி எடுக்கும் ஃபங்ஷன், ஏழு இலக்கம் வந்தால் விழுகிறது, அங்கிருந்து தொடங்கு’ என்று எழுத வேண்டும்.

அலுவலகத்தில் நாள் முழுக்க கோடு (நிரல் வரிகள்) எழுதிய பிறகு வீட்டிலும் எழுத முடியுமா என்றால், எல்லா நாளும் முடியாது. முடியாத நாளில் எழுதுவதில்லை. கெடு வைத்தவர் யாரும் இல்லை.

தனி ஆள்தானே, கிட் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) எதற்கு?

தனி ஆளுக்குத்தான் அதிகம் வேண்டும், ‘இதை ஏன் மாற்றினாய்’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் கமிட்டின் செய்தியில் என்ன மாற்றினேன் என்பதைவிட ஏன் மாற்றினேன் என்பதைத்தான் எழுதுவேன். என்ன என்பதைக் கோடே சொல்லிவிடும்.

முன்பு சரியாக ஓடியது இப்போது ஓடவில்லை என்றால் கிட்டின் ‘பைசெக்ட்’ கட்டளை உயிர் காக்கும். நடுவிலுள்ள கமிட்டை எடுத்துக் கொடுத்து ‘இது சரியா, தப்பா’ என்று கேட்கும். நீங்கள் சொல்லச் சொல்லப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துக் கேள்விக்குள் குற்றவாளி சிக்கிவிடுவார். (அநேகமாக நீங்கள்தான்.)

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பாஸ்வேர்டையோ ஏபிஐ சாவியையோ (வேறொரு சேவையை நிரல் வழியாகப் பயன்படுத்தும் அனுமதி) ஒரு முறை கமிட் செய்து பொதுவெளியில் ஏற்றிவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை, வரலாற்றில் அது இருக்கும். சாவியையே ரத்து செய்து புதிது வாங்குவதுதான் வழி.

டெஸ்ட் (நிரலைச் சோதிக்கும் நிரல்) எழுதுவீர்களா?

தேதி, பணம், எழுத்து வரிசை இந்த மூன்றுக்கும் எழுதுவேன். மற்றவற்றுக்கு நானே டெஸ்ட்.

இப்போது ஏஐ எழுதித் தருகிறதே, இனி உங்களுக்கு என்ன வேலை?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இதைக் கேட்காதவர்கள் குறைவு. பயன்படுத்துகிறேன். ஒரு தடவை ஓட்டித் தூக்கிப் போடும் ஸ்கிரிப்ட் என்றால் அது எழுதியதையே படித்துப் பார்த்து ஓட்டிவிடுவேன். தெரியாத லைப்ரரியில் எங்கே தொடங்குவது என்று கேட்கவும் நன்றாக இருக்கிறது. இல்லாத ஃபங்ஷனையும், சில நேரம் இல்லாத லைப்ரரியையும்கூட நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும். எதையும் இன்ஸ்டால் செய்வதற்கு முன் அப்படி ஒன்று உண்மையில் இருக்கிறதா, யாருடையது என்று பார்த்துவிட வேண்டும். அது வழக்கமாகச் சொல்லும் பொய்ப் பெயரிலேயே விஷம நிரலை ஏற்றிவைத்துக் காத்திருக்க ஆட்கள் உண்டு.

எழுதும் செலவு குறைந்திருக்கிறது, வைத்துக் காக்கும் செலவு குறையவில்லை. ஆறு மாதம் கழித்து நிரல் உடையும்போது அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவன் நான்தான். அதனால் எனக்குப் புரியாத வரி எதுவும் நாள்தோறும் ஓடும் நிரலுக்குள் போவதில்லை. மேலே சொன்ன 9-க்கு 8 உத்தி மாதிரி விஷயங்களை நானே எழுதிப் பார்க்கத்தான் ஆசை. அதையும் எழுதி வாங்கிக்கொண்டால் பொழுது எப்படிப் போகும்?

எல்லாருக்கும் பயன்படுமே, திறந்த மூலமாக வெளியிடலாமே?

சிலவற்றை வெளியிட்டிருக்கிறேன். லினக்ஸ் இயங்குதளமே லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் ‘சும்மா ஒரு பொழுதுபோக்குக்காக’ என்று அறிவித்துத் தொடங்கியதுதானே என்று உடனே உதாரணம் காட்டுவார்கள். சரிதான். ஆனால் அதை இன்று பொழுதுபோக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளியிட்ட மறுநாள் பயனர் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாகும். அந்த இரண்டாவது ஆளின் கம்ப்யூட்டர் வேறு, ஃபோல்டர் வேறு, தேவையும் வேறு. முதல் பதிலில் சொன்ன சௌகரியம் அத்தோடு போயிற்று. பிரபலமாகிவிட்டால் ஆபத்தும் சேர்ந்து வரும். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தைப் பாருங்கள். எண்ணற்ற லினக்ஸ் கணினிகள் நம்பியிருக்கும் ஒரு சுருக்க லைப்ரரி. அதைச் சம்பளமின்றிப் பராமரித்துக் களைத்துப்போயிருந்தவரிடம் உதவி செய்வதாக ஒருவர் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பெயர் எடுத்து, கடைசியில் பின்கதவு ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி இழுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் பிடிபட்டது.

வெளியிடுவது என்று முடிவு செய்தால் உரிமம் ஒன்றைச் சேர்த்து வெளியிடுங்கள். உரிமம் இல்லாத கோடு, கண்ணால் பார்க்கக் கிடைத்தாலும், பதிப்புரிமைப்படி உங்களுடையதுதான், மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த அனுமதி கிடையாது. யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றால் எம்ஐடி. எடுத்து மாற்றி விநியோகிப்பவர்களும் தங்கள் கோடைத் திறந்துவைக்க வேண்டும் என்றால் ஜிபிஎல். கூடவே ரீட்மியில் ‘இது எனக்காக எழுதியது, மாற்றங்கள் ஏற்பதாக இல்லை’ என்று ஒரு வரி. அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எஸ்க்யூலைட்டின் கோடு பொதுச்சொத்து, அவர்களும் வெளியாரின் கோடைப் பொதுவாக ஏற்பதில்லை.

இதில் காசு பார்க்க முடியாதா?

சிலர் பார்த்திருக்கிறார்கள். ஜாஷ் வார்டில் தன் துணைவிக்காக எழுதிய வேர்டில் விளையாட்டை 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது, ஏழு இலக்க டாலருக்கு. ஆனால் அந்த நினைப்போடு தொடங்கினால் அது தொழில், அதற்கான கணக்குவழக்கே வேறு.

வேலை பார்க்கும் நிறுவனம் ஆட்சேபிக்காதா?

நியமன ஒப்பந்தத்தைப் படியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே எழுதியதும் தங்களுக்கே சொந்தம் என்று எழுதிவைக்கும் நிறுவனங்கள் உண்டு. அலுவலக லேப்டாப்பை இதற்குத் தொடவே வேண்டாம். அங்கே எழுதிய கோடிலிருந்து ஒரு வரியும் இங்கே வர வேண்டாம்.

எனக்கு ஒரு ஆப் செய்து தருவீர்களா? சின்னதுதான்.

மாட்டேன். ஆனால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் எழுத, நான் பார்க்கத் தயார். பிரிண்டர் விஷயத்துக்கு அதுவும் கிடையாது.

கைவிட்ட திட்டங்களும் உண்டா?

ஓடுபவற்றைவிட அவைதான் அதிகம். சில நிரல்கள் தேவை தீர்ந்து ஓய்ந்தன. சில, நம்பியிருந்த ஏபிஐ மூடப்பட்டு நின்றன. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பைத்தான் 2-க்கு ஆதரவு முடிந்தது. அப்போது பழைய ஸ்கிரிப்டுகளைப் பைத்தான் 3-க்கு மாற்ற உட்கார்ந்தபோது, பாதிக்கு ‘இதை யார் இப்போது ஓட்டுகிறார்கள்’ என்ற கேள்விக்கே பதில் இல்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு நிரல் நின்று ஒரு மாதம் ஆகியும் எனக்கே தெரியவில்லை என்றால் அதை மீண்டும் எழுப்புவதில்லை.

தானாக ஓடும் நிரல்களில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் க்ரானில் போட்ட பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோனால், டிஸ்க் போகும் வரை யாருக்கும் தெரியாது. அதனால் என் பேக்கப் ஸ்கிரிப்ட் தோற்றால் கூவும்படி எழுதவில்லை. வெற்றி பெற்றால் ஒரு கோப்பில் தேதியைக் குறிக்கும். டெர்மினல் திறக்கும்போதெல்லாம் அந்தத் தேதி கண்ணில் படும், இரண்டு நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் சிவப்பில். தோற்றதைச் சொல்ல வேண்டிய நிரலே ஓடவில்லை என்றால் யார் சொல்வது?

நானும் தொடங்க நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

வாரத்துக்கு ஒரு முறையாவது கம்ப்யூட்டரில் கையால் செய்யும் சலிப்பான வேலை ஒன்றை எடுங்கள். கோப்புப் பெயர் மாற்றுவது, இரண்டு பட்டியலை ஒப்பிடுவது, ஒரு பக்கத்தைத் திறந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பது, எதுவானாலும் சரி. ‘செய்ய வேண்டியவை’ பட்டியல் ஆப் மட்டும் வேண்டாம். எல்லாரும் அதைத்தான் முதலில் எழுதுகிறார்கள், எழுதியவர்களே காகிதத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அந்த வேலையில் ஒரே ஒரு படியை மட்டும் முதலில் எழுதுங்கள். கோப்புப் பெயர் மாற்றும் நிரல் என்றால் முதல் பதிப்பு எதையும் மாற்ற வேண்டாம். பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் போதும். அதை உங்கள் உண்மையான கோப்புகள் மேல் ஓட்டி, வரும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். எதிர்பாராத பெயர்கள் அங்கேதான் தலைகாட்டும். பெயரில் இடைவெளி, இரண்டு புள்ளி, .JPG போலப் பெரிய எழுத்தில் முடியும் வால், ஒரே புதுப் பெயருக்குப் போட்டி போடும் இரண்டு கோப்புகள். அந்தக் கடைசி வகையைக் கவனிக்காமல் மாற்றவிட்டால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். பட்டியல் சரியாக வந்த பிறகு, அந்த ஃபோல்டரின் நகல் ஒன்றின் மேல் உண்மையிலேயே மாற்றவிட்டுப் பாருங்கள்.